ஸ்டிக்கரில் இருக்கிற திகதி

2021 நவம்பர் கடைசியில் கல்கிசையிலும் வெள்ளவத்தையிலும் பிளாட்டுகளின் பல்கனிகளில் ஒரு புதுச் சாமான் வந்து நின்றது. காஸ் சிலிண்டர். அதுவரைக்கும் குசினி மூலையில் யாரும் கவனிக்காமல் கிடந்தது, திடீரென்று வீட்டுக்கு வெளியே துரத்தப்பட்டுவிட்டது. நாளுக்கு நாள் எங்கேயோ ஓர் அடுப்பு வெடித்த செய்தி. கண்ணாடி மேற்தட்டு அடுப்பு சிதறிக் கிடக்கிற படங்கள் வட்ஸ்அப்பில் வந்துகொண்டே இருந்தன. அம்மாமார் சவர்க்காரத்தைக் கரைத்து, ஹோஸிலும் ரெகுலேற்றரிலும் பூசி, குமிழி வருதா என்று குனிந்து பார்த்தார்கள். நாங்களும் பூசினோம். குமிழி வந்த வீட்டில் பயம் வந்தது. வராத வீட்டிலும் பயம் போகவில்லை.

அந்த வருடம் நவம்பர் 30 அன்று ஜனாதிபதி ஒரு குழுவை நியமித்தார். தலைவர் மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர். காஸின் கலவை விகிதம் மாற்றப்பட்டதுதான் பிரதான காரணம் என்று குழு சொன்னது. புரொப்பேனும் பியூட்டேனும் கலந்ததுதான் எங்கட சமையல் காஸ். புரொப்பேனின் பங்கு கூடினால் உள்ளே அமுக்கமும் கூடும்.

எவ்வளவு கூடும்? ஏ.எல் இரசாயனவியல் படித்த யாரும் ஒரு கடதாசியில் போட்டுப் பார்க்கலாம். 30 பாகை செல்சியஸில் தனிப் புரொப்பேனின் ஆவியமுக்கம் ஏறக்குறைய 10.8 பார். சாதாரண பியூட்டேனுடையது ஏறக்குறைய 2.8 பார். இருபதுக்கு எண்பது என்று கலந்தால் 4.4 பார் அளவில் வரும். ஐம்பதுக்கு ஐம்பது என்றால் 6.8 பார். இது ரவுல்ட் விதியை வைத்துப் போட்ட கடதாசிக் கணக்குத்தான், உண்மையான சிலிண்டரில் கொஞ்சம் மாறும். ஆனால் ஒன்றரை மடங்கு என்கிறது சின்ன விஷயமில்லை. சிலிண்டர் அதைத் தாங்கும், அதற்கென்றே செய்யப்பட்ட இரும்பு. கவலை அதற்குப் பின்னால் வருகிற வால்வு, ரெகுலேற்றர், ஹோஸ், அடுப்பு ஆகியவற்றில். அடுப்புக்குப் போகவேண்டிய அமுக்கம் வெறும் 30 மில்லிபார் அளவுதான்.

அந்த நாட்களில் எங்களை உறுத்தினது இதுதான்: ஆறு மாடி பிளாட்டில் இருபத்துநாலு சிலிண்டர் இருக்கு, ஒன்றுக்குள்ளே எவ்வளவு அமுக்கம் என்று சொல்லக்கூடிய கருவி ஒரு வீட்டிலும் இல்லை. அளக்காத ஒன்றுக்குப் பக்கத்தில் நாங்கள் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தோம்.

"அளக்கிற கருவி இருந்திருந்தால் மட்டும் என்னடா?" என்றான் எங்களில் ஒருத்தன். அவன் பெயரை எழுதப்போவதில்லை. கொழும்புக்கு வெளியே ஒரு தொழிற்சாலையில் இன்ஸ்ட்ருமென்ட் ரெக்னீஷியன். கொதிகலனுக்கும் நீராவிக் குழாய்களுக்கும் மேலே இருக்கிற கருவிகளைக் கழற்றி, சரிபார்த்து, பூட்டுகிற வேலை. அவன் சொன்ன கதைக்குப் பிறகுதான் இந்தக் கட்டுரையை எழுதவேண்டும் என்று முடிவெடுத்தோம்.

முதலில் கருவியைப் பற்றிக் கொஞ்சம். பிரஷர் ட்ரான்ஸ்மிற்றர் என்பது கையளவு உலோகப் பெட்டி. குழாயில் இருக்கிற அமுக்கம் ஒரு மெல்லிய உலோகத் தகட்டை அமத்தும். தகடு கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும். அந்த வளைவை உள்ளே இருக்கிற உணரி மின்சைகையாக்கும். பெட்டி அதை 4 முதல் 20 மில்லிஅம்பியர் மின்னோட்டமாக மாற்றி, இரண்டு வயரில் கட்டுப்பாட்டறைக்கு அனுப்பும். 0 முதல் 10 பார் வரை அளக்கிற கருவி என்றால் 4 மில்லிஅம்பியர் பூச்சியம், 12 என்றால் 5 பார், 20 என்றால் 10 பார். ஏன் பூச்சியத்தில் தொடங்காமல் நாலில் தொடங்குது? வயர் அறுந்தாலும் பூச்சியம்தானே வரும். அமுக்கம் இல்லாததையும் வயர் இல்லாததையும் பிரித்தறியத்தான் அந்த நாலு. எங்களுக்கு இது மிகவும் பிடித்துப்போனது. "ஒன்றுமில்லை" என்று சொல்லுறதுக்கும் ஓர் உயிர் வேணும் என்று யாரோ ஓர் இன்ஜினியர் யோசித்திருக்கிறார்.

இந்தப் பெட்டி பொய் சொல்லத் தொடங்குவது ஒரே நாளில் நடக்கிறதில்லை. வெயில், அதிர்வு, திடீர் அமுக்க அடி, வயர்ப் பெட்டிக்குள் இறங்குகிற ஈரம் என்று மெதுமெதுவாக விலகும். கடற்கரைப் பக்கத்தில் இரும்பு என்ன பாடுபடும் என்று கல்கிசைக்காரருக்குச் சொல்லித் தரத் தேவையில்லை, எங்கட யன்னல் கம்பிகளைப் பார்த்தாலே போதும். கருவியைச் சரித்துப் பூட்டினாலும் பூச்சியம் மாறும். குழாய்க்கும் கருவிக்கும் இடையில் இருக்கிற சின்னக் குழாயில் ஒரு மீற்றர் உயரத்துக்குத் தண்ணி நின்றால் 0.1 பார் அளவு கூடக் காட்டும்.

ஏ.எல் பௌதிகவியல் செய்தவர்களுக்கு இது புதிதில்லை. வேணியர் இடுக்கிமானியை மூடிப் பிடித்து "பூச்சிய வழு" பார்த்தோமே, அதேதான். அங்கே அது இரண்டு புள்ளிக்கான கேள்வி. இங்கே ஒரு கொதிகலன்.

அளவுத்திருத்தம், அதாவது தொழிற்சாலை வாயில் கலிபிரேஷன், இப்படி நடக்கவேண்டும். முதலில் கட்டுப்பாட்டறைக்குச் சொல்லிவிட்டு வால்வை மூடி, உள்ளே நிற்கிற அமுக்கத்தை வெளியே விடவேணும். (சொல்லாமல் மூடினால் அங்கே இருக்கிறவர் அமுக்கம் விழுந்துவிட்டது என்று நினைத்து எதையாவது திறப்பார்.) பிறகு கைப்பம்பையும் நம்பக்கூடிய ஒரு மேற்கோள் மானியையும் பூட்டி, 0, 25, 50, 75, 100 வீதம் என்று ஏற்றிக்கொண்டு போய், அதே படிகளில் இறக்கவேணும். ஏறும்போது ஒரு வாசிப்பு, இறங்கும்போது இன்னொன்று வந்தால் அந்த வித்தியாசத்தையும் எழுதவேணும். 5 பார் கொடுக்கிறோம், 12 வரவேண்டிய இடத்தில் 12.16 மில்லிஅம்பியர் வருது என்றால், கருவி 5.1 பார் என்று சொல்லுது. முழு வீச்சில் ஒரு வீத வழு.

இங்கேதான் முக்கியமான இடம். கையை வைக்கிறதுக்கு முன்னால் அந்த 12.16ஐ எழுதவேணும். கருவி எந்த நிலையில் கிடைத்தது என்கிற பதிவு அது. திருத்தினதுக்குப் பிறகு வருகிற அழகான இலக்கம் இன்றைக்கு மட்டும்தான் உதவும். திருத்தாத அசிங்கமான இலக்கம்தான் போன ஒரு வருஷமாக அந்த ஆலை எதை நம்பி ஓடினது என்று சொல்லும்.

திருத்துவதிலும் ஒரு குறுக்கு வழி இருக்கு. இந்தக் காலத்துக் கருவிகளோடு கையில் பிடிக்கிற ஒரு பெட்டியை வைத்துப் "பேசலாம்". அதில் வீச்சின் மேல் எல்லையை 10.00 இலிருந்து 10.20 என்று மாற்றிவிட்டால் மின்னோட்டம் 12.00க்கு வந்து நிற்கும். எல்லாரும் சந்தோஷம். ஆனால் உணரி இன்னும் பிழையாகத்தான் உணருது. உண்மையில் செய்யவேண்டியது, மேற்கோள் அமுக்கத்தைக் கொடுத்து உணரிக்கே "இதுதான் 5 பார்" என்று படிப்பிக்கிறது. மற்றது தராசைத் திருத்தாமல் விலைச்சீட்டைத் திருத்துகிற வேலை. அவன் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆறு மாதமும் இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒருத்தரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

சரி, அந்த மேற்கோள் மானியை யார் சரிபார்க்கிறது? அதைவிட நல்ல ஒன்று. அதை? அதைவிட நல்லது. இப்படியே மேலே போனால் இலங்கையில் 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வருகிற அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்தில் போய் நிற்கும். நாட்டின் அளவீட்டு நியமங்கள் அதன் பொறுப்பு. ஆய்வுகூடங்கள் தகுதியானவையா என்று பார்க்க 2005இன் 32ஆம் இலக்கச் சட்டத்தில் இன்னொரு சபையும் இருக்கு. சந்தையில் தராசுக்கு முத்திரை குத்துகிறவர்கள் என்றுதான் எங்களில் பலருக்கு அந்தத் திணைக்களம் தெரியும்.

சங்கிலியின் மேல் பக்கத்தில் ஒரு வேடிக்கை. அமுக்கத்தை மிகத் துல்லியமாக உண்டாக்க இன்னும் பாவிக்கிறது ஒரு பழைய வித்தை: பரப்பளவு தெரிந்த ஒரு பிஸ்டனுக்கு மேலே எடை தெரிந்த கட்டிகளை வைக்கிறது. விசையைப் பரப்பால் பிரித்தால் அமுக்கம். ஆனால் விசை என்பது திணிவு தர புவியீர்ப்பு. பாடப் புத்தகத்தின் நியம புவியீர்ப்பு 9.80665. மத்திய கோட்டுக்குக் கிட்ட இருக்கிற கொழும்பில் அது 9.781 அளவுதான். நியமப் பெறுமானத்துக்குக் கணக்குப் போட்டுச் செய்த கட்டிகளை இங்கே கொண்டுவந்து திருத்தாமல் பாவித்தால், 100 பார் என்று எழுதியிருக்கிற இடத்தில் உண்மையில் 99.74 பார்தான் இருக்கும். கால் வீதத்துக்கு மேல் வழு. அப்படிப்பட்ட கருவியை வாங்குறதே அதைவிடப் பத்து மடங்கு துல்லியம் வேணும் என்றுதான். வெளிநாட்டில் செய்தது என்பதற்காக மட்டும் சரியாக இருக்காது. இந்த ஊரின் ஈர்ப்புக்கு அதை யாராவது திருத்தவேணும். இந்த வசனத்தைக் கருவிக்கு மட்டும்தான் சொல்லுறோமா என்று எங்களுக்கே தெரியேல்ல.

இனி அவனுடைய கதை.

வருஷாந்த ஷட்டவுன். இரண்டு நாள். நாற்பது கருவிகள். இரண்டு பேர். ஒழுங்காகச் செய்தால் ஒன்றுக்கு ஒரு மணித்தியாலமாவது போகும், ஏணி வைத்து ஏறவேண்டியதுக்கு இன்னும் கூட. இரண்டாம் நாள் பின்னேரம் பார்த்தால் பதினொன்று முடிந்திருக்கு. மேற்பார்வையாளர் வந்து பார்த்தார். கோபப்படவில்லை. "மல்லி, போன வருஷ ஷீட்டைப் பார்த்து கொஞ்சம் அங்க இங்க மாத்திப் போடுங்கோ. ஸ்டிக்கரை மட்டும் எல்லாத்திலயும் ஒட்டிடுங்கோ. திங்கக்கிழமை ஓடிட் வாறாங்க." அவ்வளவுதான். மிரட்டல் இல்லை, இலஞ்சம் இல்லை. நல்ல மனுசன், அவனுக்கு முதல் சம்பளம் வரும்வரைக்கும் மதியச் சாப்பாடு வாங்கித் தந்தவர்.

அவன் மாத்திப் போட்டான். இருபத்தொன்பது ஷீட். 8.01, 12.00, 15.99 என்று. ஓடிட்டுக்கு வந்தவர்கள் ஸ்டிக்கரின் திகதிகளைப் பார்த்தார்கள், கோப்பில் கையெழுத்துகளை எண்ணினார்கள், தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். ஒருத்தராவது கேட்டிருக்கலாம்: நாற்பது கருவியில் ஒன்றுகூட ஏன் விலகவில்லை? உண்மையான அளவீடு இவ்வளவு சுத்தமாக வராது. ஓ.எல் பரிசோதனைப் புத்தகத்தில் நாங்கள் பின்பக்கமாகக் கணக்குப் போட்டு எழுதின வாசிப்புகள்தான் இப்படி வரும். டீச்சருக்கும் அது தெரியும்.

இதைக் கேட்டபோது எங்களுக்குள் சண்டை வந்தது. ஒருத்தி, "நீ கையெழுத்து வச்சனி, நீதான் பொறுப்பு" என்றாள். இன்னொருத்தன், "அவன்ட இடத்தில நீ இருந்தா என்ன செய்திருப்பாய், வேலை நிரந்தரமும் இல்லை" என்றான். இரண்டும் சரி. ஆனால் இரண்டுமே அவனைப் பற்றித்தான் பேசுது. யாரும் அந்த இரண்டு நாளைப் பற்றிப் பேசவில்லை. இரண்டு பேரால் இரண்டு நாளில் நாற்பது கருவி செய்ய ஏலாது என்று ஷட்டவுனைத் திட்டமிட்டவருக்குத் தெரியும். தெரிந்துதான் நாற்பது ஸ்டிக்கர் அச்சடிச்சவர்.

இது எங்கள் நாட்டின் சோம்பல் என்று எழுதி முடித்துவிடலாம் என்று பார்த்தோம். முடியவில்லை, ஏனென்றால் ரெக்ஸஸ் இருக்கிறது. 2005 மார்ச் 23, ரெக்ஸஸ் சிற்றி எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையம். 170 அடிக் கோபுரம் ஒன்றில் திரவம் நிரம்பிக்கொண்டே போனது. உண்மையில் 158 அடி வரை ஏறியிருந்த நேரத்தில் கட்டுப்பாட்டறைத் திரையில் எட்டு அடிக்கும் குறைவாக, அதுவும் இறங்கிக்கொண்டிருப்பதாகக் காட்டிக்கொண்டிருந்தது. மட்டம் காட்டுகிற அந்த ட்ரான்ஸ்மிற்றர், உள்ளே இருந்த திரவத்தின் அடர்த்திக்கு அளவுத்திருத்தம் செய்யப்பட்டிருக்கவில்லை. பாவித்த தரவுத்தாள் 1975ஐச் சேர்ந்தது. கோபுரம் பொங்கி வழிந்தது, 15 பேர் இறந்தார்கள், 180 பேர் காயப்பட்டார்கள்.

அமெரிக்க இரசாயனப் பாதுகாப்புச் சபையின் விசாரணை அறிக்கையில் எங்களை நிறுத்தி வைத்தது வேறோர் இடம். இயக்கத் தொடங்குவதற்கு முன் எச்சரிக்கைக் கருவிகளைச் சரிபார்க்க ரெக்னீஷியன்கள் முயன்றிருக்கிறார்கள். நேரமில்லை என்று சொல்லி நிறுத்தப்பட்டிருக்கிறார்கள். தொடக்க நடைமுறைத் தாளில் மட்டும் சரிபார்த்து முடிந்ததாகக் குறிப்பெழுத்து வைக்கப்பட்டிருந்தது. எங்கள் நண்பனுக்கு இந்தப் பந்தியை வாசித்துக் காட்டினோம். கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு, "அங்கயும் மல்லி எண்டுதான் கூப்பிட்டிருப்பாங்களோ" என்றான்.

எங்களுடைய நிலைப்பாடு இதுதான்: செய்யாத அளவுத்திருத்தத்தைவிட, செய்ததாக ஒட்டின ஸ்டிக்கர் ஆபத்து. ஸ்டிக்கர் இல்லாத கருவியை ஒரு இயக்குனர் சந்தேகத்தோடு பார்ப்பார், பக்கத்து மானியோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். பச்சை ஸ்டிக்கர் ஒட்டின கருவியிடம் அந்தச் சந்தேகம் அவரிடமிருந்து களவாடப்படுது.

இதற்கு ஒரு பதில் வரும். எங்களுக்கும் வந்தது, இருபது வருஷம் கட்டாரில் வேலை செய்துவிட்டுத் தெஹிவளையில் இருக்கிற ஓர் அண்ணாவிடமிருந்து. "தம்பியவை, எல்லாத்தையும் வருஷா வருஷம் கலிபிரேட் பண்ண வேணுமெண்டு ஆர் சொன்னது? நாற்பதில பத்துத்தான் ஆளைக் கொல்லும். அந்தப் பத்தையும் ஒழுங்காச் செய்யுங்கோ. மற்றதுகளின்ர பழைய பதிவைப் பாருங்கோ. மூண்டு வருஷமா அசையாமல் நிண்டால் காலத்தைக் கூட்டுங்கோ." நாங்கள் கண்டிப்புக் கூடவேணும் என்று கேட்கப் போய், குறைத்துச் செய்யச் சொல்கிற ஒருவரிடம் மாட்டிக்கொண்டோம். ஆனால் அவர் சொல்வது சரி. அதிலும் ஒரு சிக்கல்: காலத்தைக் கூட்டலாமா என்று முடிவெடுக்க வேண்டியது அந்த அசிங்கமான முதல் இலக்கங்கள். அவற்றை நாங்கள் கற்பனையில் எழுதிக்கொண்டிருந்தால் எதை வைத்து முடிவெடுக்கிறது? பொய் ஷீட் ஒரு வருஷத்தை மட்டும் கெடுக்கிறதில்லை, அடுத்த பத்து வருஷத்துக்கான தரவையும் கெடுக்குது.

தொழிற்சாலைக்குப் போகாதவர்களுக்கும் இதில் பங்கு இருக்கு. அம்மம்மாவின் பிரஷர் பார்க்கிற முள்ளுக் கருவியும் ஓர் அமுக்கமானிதான். பழைய இரசக் கருவியில் இரச நிரலின் உயரமே அளவு. இரசம் நஞ்சு என்பதால் அது விலகிப் போகுது, போகத்தான் வேணும். இடத்துக்கு வந்த முள்ளுக் கருவி உள்ளே மெல்லிய உலோகமும் பற்சில்லும். விழுந்தால், அடிபட்டால், வயதானால் விலகும். அடுத்தமுறை டிஸ்பென்சரியில் கைப்பட்டியைச் சுற்றும்போது, காற்று அடிக்க முதல் முள்ளு எங்கே நிற்குது என்று பாருங்கோ. பூச்சியத்தில் இல்லாவிட்டால் நாகரிகமாகக் கேளுங்கோ. பூச்சியத்தில் நிற்கிறதால் மேலே எல்லாம் சரி என்றும் ஆகாது, ஆனால் அங்கேயே பிழைத்திருந்தால் மேலே பார்க்கவே தேவையில்லை. அந்தக் கருவி சொல்கிற இலக்கத்தை வைத்துத்தான் அம்மம்மாவுக்கு இரவுக் குளிசை ஒன்றா இரண்டா என்று முடிவாகுது.

மொழியைப் பற்றியும் ஒன்று சொல்லவேணும். ஏ.எல்லில் தொழில்நுட்பப் பிரிவு 2013இல் வந்தது. அதற்குப் பிறகு நிறையத் தமிழ்ப் பிள்ளைகள் இந்த வேலைகளுக்குள் வருகிறார்கள். "வழு", "பூச்சிய வழு", "அமுக்கம்" எல்லாம் தமிழில் படித்துவிட்டு, வேலைத்தளத்தில் ஆங்கில ஷீட்டையும் சிங்களக் கட்டளையையும் சந்திக்கிறார்கள். மூன்று மொழியும் ஒன்றையொன்று தொடாமல் ஓடும்போது, கேள்வி கேட்கிற துணிவு முதலில் போகும். எங்கள் நண்பன் அன்றைக்குச் சொல்ல நினைத்த வசனம் தமிழில்தான் அவனுக்கு வந்ததாம். அதைச் சிங்களத்தில் மரியாதையாகச் சொல்லத் தெரியாமல் ஸ்டிக்கரை எடுத்தானாம். நாங்கள் இதை முழுக் காரணமாகச் சொல்லவில்லை, அவனும் சொல்லவில்லை.

கேட்கிறது பெரிசா ஒன்றுமில்லை. ஒவ்வொரு அளவுத்திருத்தத் தாளிலும் "செய்யப்படவில்லை, நேரம் போதவில்லை" என்று எழுத ஒரு கட்டம் இருக்கட்டும். அதை எழுதினவருக்கு ஒன்றும் நடக்கக்கூடாது. ஓடிட்டுக்கு வருகிறவர் திகதியைப் பார்க்க முதல், கிடைத்த நிலை இலக்கங்களைப் பார்க்கட்டும். எல்லாம் சுத்தமாக இருந்தால் அங்கேதான் சந்தேகப்படட்டும்.

போன ஷட்டவுனில் அவன் ஏழு ஷீட்டில் குறுக்கே கோடு போட்டு, ஆங்கிலத்தில் "செய்யவில்லை" என்று எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்தானாம். மேற்பார்வையாளர் வாங்கிப் பார்த்தார். ஒவ்வொன்றாகத் திருப்பினார். ஒன்றும் சொல்லாமல் லாச்சிக்குள் வைத்தார். இரண்டு கிழமையாகிவிட்டது, ஏழும் இன்னும் லாச்சிக்குள்தான் இருக்காம். அந்த ஏழு கருவியிலும் போன வருஷ ஸ்டிக்கர்.